மக்கள் ஆணைக்கு மேல் காவலர் முத்திரையா?

(கமக்காரரும் பல்துறைத் தொழில்வல்லாரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் முதற்பார்வையில் தலைநகரத்து மாளிகைகளுக்கு மாத்திரம் உரியதுபோலத் தோன்றலாம். மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த ஒருவர், அரசாங்கத்தின் பாதுகாப்பு இரகசியங்களைப் பார்ப்பதற்கு முன்னர், புலனாய்வுத் துறையினரின் விசாரணைக்குத் தம்மை உட்படுத்தி, அவர்களிடம் ஒரு பாதுகாப்புச் சான்று பெறவேண்டுமா என்பதே வினா. பெறவேண்டுமென்றால், அச்சான்றை மறுக்கும் அதிகாரம் எவர் கையில் இருக்கவேண்டும்? பெறவேண்டியதில்லை என்றால், அவர் அந்த இரகசியத்தைப் பிறருக்கு விற்றுவிடமாட்டார் என்பதற்குப் பிணை யாது? இவ்வினாக்களுக்கு ஒரு நாடு எவ்விதம் விடை தருகின்றது என்பதைக் கொண்டு, அந்நாட்டு மக்கள் தம் அரசாங்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அளந்துவிடலாம்.

கமக்காரப் பெருமக்களுக்கு இதனை விளக்க நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. குளத்து நீரைப் பங்கிடுவதற்காக வயற்காரர் யாவரும் கூடி வட்டை விதானை ஒருவரைத் தெரிந்தெடுக்கின்றீர்கள். அவர் குளக்கட்டுக்குப் போகின்றார். அங்கே துருசைக் காத்து நிற்கும் சம்பளக்காரர் அவரை வழிமறித்து, "குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கின்றதென்று உமக்குச் சொல்வதற்கு முன்னர், உம்மைப்பற்றி நான் விசாரித்துத் திருப்தியடையவேண்டும்" என்று சொன்னால் நீங்கள் பொறுப்பீர்களா? பயிர் வாடும் நாளில் வயற்காரருக்குப் பதில் சொல்லவேண்டியவர் விதானை. ஆனால் தண்ணீரின் கணக்கோ காவற்காரரின் மடிக்குள் இருக்கின்றது. அவ்விதானையே ஓர் இரவில் துருசைத் திறந்து தம் மைத்துனரின் வயலுக்கு நீர் பாய்ச்சுவாராயின், அவரைத் தெரிந்தெடுத்த அதே கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்திக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காவற்காரரைக் கேட்க உங்களுக்கு அத்தகைய கூட்டம் எதுவும் இல்லை. இவ்வுவமையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பிறநாட்டு வழக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இரகசியக் காகிதங்களைக் கையாளும் உத்தியோகத்தர் யாவரும் கடுமையான பின்னணி விசாரணைக்கு உட்படவேண்டும். ஆனால் ஜனாதிபதிக்கோ காங்கிரஸ் அங்கத்தவர்களுக்கோ அத்தகைய சான்று வேண்டியதில்லை. தெரிவு செய்யப்பட்ட பதவியே அவர்களுக்குரிய அனுமதியாகக் கொள்ளப்படுகின்றது. அவர்களிடம் வேலை செய்யும் உதவியாளர்தாம் சான்று பெறவேண்டியவர். பிரதிநிதிகள் சபை அங்கத்தவர், இரகசியங்களைப் பார்ப்பதற்கு முன்னர் அவற்றை வெளியிடுவதில்லை என்று சத்தியம் செய்கின்றனர். காரணம் எளிது. அங்கத்தவராவதற்குரிய தகுதிகளை அந்நாட்டு அரசியற் சட்டம் வரையறுத்துவிட்டது. அதற்கு மேலே இன்னொரு தகுதியைச் சேர்க்கச் சபைக்கே அதிகாரமில்லை என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1969 ஆம் ஆண்டு பவல் வழக்கில் தீர்ப்பளித்தது. சபைக்கு இல்லாத அதிகாரம், சபைக்குக் கட்டுப்பட்ட பொலிசாருக்கு எங்ஙனம் வரும்?

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த வழக்கொன்று தமிழராகிய எமக்கு இன்னும் நெருக்கமானது. ஜோர்ஜியா மாநிலத்தில் ஜூலியன் பொண்ட் என்ற நீக்ரோ இளைஞர் சட்டசபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். அவர் வியட்நாம் யுத்தத்தைக் கண்டிக்கும் அறிக்கையொன்றை ஆதரித்தவர். "இவர் அரசியற் சட்டத்துக்கு விசுவாசமாயிருப்பேன் என்று உண்மையாகச் சத்தியம் செய்ய முடியாது" என்று கூறி, 1966 சனவரியில் 184 வாக்குகளுக்கு 12 வாக்குகளாக அச்சபை அவருக்கு ஆசனத்தை மறுத்தது. அவரோ சத்தியம் செய்யத் தயாராகவே நின்றார். அவர் வாய் சொல்வதை அவர் மனம் ஒப்பாது என்று தீர்ப்பிடச் சபையார் துணிந்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் உயர் நீதிமன்றம் ஏகமனதாக அதனைத் தள்ளியது. சத்தியத்தின் உண்மையை ஆராய்கின்றோம் என்ற போர்வையில், ஒருவரின் கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்க முடியாதென்று நீதியரசர்கள் கூறினர்.

பாதுகாப்புச் சான்று வழங்கும் முறை தவறே செய்யாதது என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்வோம். அணுகுண்டை ஆக்கிய விஞ்ஞானிகளுக்குத் தலைமை தாங்கிய ஒப்பன்ஹைமரின் சான்றை அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு 1954 ஆம் ஆண்டு பறித்தது. அந்த விசாரணை முறைகேடானது என்று கூறி, அந்நாட்டு அரசாங்கமே அம்முடிவை இரத்துச் செய்தது 2022 டிசெம்பரில். அறுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. அவரோ 1967 இலேயே மறைந்துவிட்டார். ஒரு விஞ்ஞானிக்கு இழைத்த அநீதியால் அவர் ஒருவர் வாடினார். மக்கள் பிரதிநிதி ஒருவருக்கு அதே அநீதி இழைக்கப்பட்டால், அவருக்கு வாக்களித்த தொகுதி முழுவதும் வாய் மூடப்படும்.

எம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் கனடா வேறொரு வழியிற் சென்றது. 2017 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால், பாராளுமன்ற அங்கத்தவர்களைக் கொண்ட பாதுகாப்புக் குழுவொன்றை அமைத்தனர். அதில் இருப்போர் பாதுகாப்புச் சான்று பெறவேண்டும், சத்தியமும் செய்யவேண்டும், இரகசியத்தை வெளியிட்டால் பாராளுமன்றச் சிறப்புரிமையைக் கேடயமாகக் காட்டித் தப்ப முடியாது. 2024 யூனில் அக்குழு, அங்கத்தவர் சிலர் அந்நிய நாடுகளின் தலையீட்டுக்கு அறிந்தோ அரைகுறையாய் அறிந்தோ துணைபோயினர் என்று அறிக்கை வெளியிட்டது. பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. கட்சித் தலைவர்கள் சான்று பெற்று முழு அறிக்கையையும் படிக்கலாம் என்றனர். எதிர்க்கட்சித் தலைவர் பொய்லியேவர் மறுத்தார். படித்துவிட்டால் தம் வாய் கட்டப்படும் என்றார். வேறு இரு தலைவர்கள் படித்தனர். ஒருவர் ஆறுதல் அடைந்தேன் என்றார்; மற்றவர் கவலை கூடிற்று என்றார். படித்தவர் இருவர் இருவிதமாகக் கூறப் படியாதவர் வேறாகக் கூற, குடிமக்கள் யாரை நம்புவர்? சான்றினால் மாத்திரம் நம்பிக்கை பிறந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

பிரித்தானியாவிலும், பாராளுமன்ற அங்கத்தவராக இருப்பதற்குப் புலனாய்வுத் துறையின் சான்று வேண்டியதில்லை. புலனாய்வுத் துறைகளை மேற்பார்வை செய்ய ஒன்பது பேர் கொண்ட பாராளுமன்றக் குழுவொன்று சட்டப்படி இயங்குகின்றது. 2020 ஆம் ஆண்டு, பிரதம மந்திரி விரும்பிய ஒருவரைத் தள்ளிவிட்டு, அக்குழுவினர் வேறொருவரைத் தமக்குத் தலைவராக்கிக் கொண்டனர். காவலரைக் கண்காணிப்பவர், காவலரின் எசமானருக்கும் கட்டுப்படாதவராக இருக்கவேண்டும் என்பதை அது காட்டிற்று.

எமது நாட்டில் நடந்தது

இனி எமது நாட்டுக்கு வருவோம். இங்கே அங்கத்தவராவதற்குரிய தகுதிகளையும் தகுதியீனங்களையும் அரசியலமைப்பு கூறுகின்றது. 1955 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க உத்தியோக இரகசியங்கள் சட்டம் இருக்கின்றது. ஆனால் நாட்டின் உயிர் தங்கியிருக்கும் செய்தியொன்று வந்தால், தெரிவு செய்யப்பட்டவர்களில் எவருக்கு அதனைச் சொல்லியே ஆகவேண்டும்? இதற்கு 2019 ஆம் ஆண்டில், பாராளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் விடை சொல்லவில்லை. அந்த வெற்றிடத்துக்கு நாடு கொடுத்த விலையை யாவரும் அறிவோம்.

2018 ஒக்டோபர் 26 ஆந் திகதி ஜனாதிபதி சிறிசேன பிரதம மந்திரியைப் பதவி நீக்கினார். டிசெம்பர் 16 ஆந் திகதி அவரையே மீண்டும் பதவியில் அமர்த்தவேண்டி வந்தது. ஆனால் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. பொலிஸ் மா அதிபரும் விலக்கப்பட்டார். எவரேனும் அவர்களை விசாரித்துத் தகுதியற்றவர் என்று கண்டனரா? எழுத்தில் ஒரு காரணம் கொடுக்கப்பட்டதா? நீதிமன்றம் சென்று கேட்கத்தக்க கட்டளை ஒன்றேனும் இருந்ததா? எதுவுமில்லை. ஒருவரின் விருப்பு வெறுப்பே அங்கே பாதுகாப்புச் சான்றாயிற்று.

2019 ஏப்ரில் 4 ஆந் திகதி, தாக்குதல் வரப்போகின்றதென்ற எச்சரிக்கை வெளிநாட்டுப் புலனாய்வுத் துறையிடமிருந்து அரச புலனாய்வுச் சேவைத் தலைவருக்கு வந்தது. அது கடிதமாகி, மேசைக்கு மேசை நகர்ந்தது. மந்திரிமாரின் மெய்க்காவற் பிரிவுக்கும் போனது. நாட்டின் பிரதம மந்திரிக்குப் போகவில்லை. ஏப்ரில் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் மடிந்தன. சீயோனில் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த பச்சிளம் பிள்ளைகள் மாண்டனர். செய்தி வந்த நாளுக்கும் குண்டு வெடித்த நாளுக்கும் இடையே பதினேழு நாட்கள் இருந்தன என்பதை அப்பிள்ளைகளின் பெற்றோர் எந்நாளும் மறக்கமாட்டார்.

2023 சனவரி 12 ஆந் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள், மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தனர். முன்னாள் ஜனாதிபதி தம் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபாவும், பொலிஸ் மா அதிபராயிருந்தவரும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராயிருந்தவரும் தனித்தனியே ஏழரைக் கோடி ரூபாவும், பாதுகாப்புச் செயலாளராயிருந்தவர் ஐந்து கோடி ரூபாவும் செலுத்தவேண்டுமென்று கட்டளையிட்டனர். அத்தீர்ப்பை நாம் தலைவணங்கி ஏற்கின்றோம். ஆனால் நட்டஈடு, கதவு உடைந்தபின் போடும் பூட்டு. செய்தியை எவருக்குச் சொல்லவேண்டும் என்று முன்னரே சட்டம் விதித்திருந்தால், ஒருவரின் கோபம் மற்றவரின் காதை அடைத்திருக்க முடியாது.

சல்லடை எமக்குப் புதியதன்று

இதனைக் கேட்கும் நல்லோர் சிலர், "அப்படியாயின் ஒரு சட்டத்தை இயற்றி, எல்லா அங்கத்தவரையும் பாதுகாப்புத் துறையினர் சோதித்துச் சான்று கொடுக்கட்டுமே" என்று சொல்லக்கூடும். அங்கேதான் தமிழ் மக்கள் நின்று நிதானித்து யோசிக்கவேண்டும்.

1961 ஆம் ஆண்டு, வட கிழக்கில் அறவழியிற் சத்தியாக்கிரகம் நடந்தது. ஏப்ரிலில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் மக்களால் தெரிவு செய்யப்பட்ட தமிழ் அங்கத்தவர்கள் கைதாகிப் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்கள் கையில் ஆயுதம் இருந்ததா? இல்லை. தங்கள் மொழிக்கு உரிமை கேட்ட மனு இருந்தது. அன்று எவரேனும் பாதுகாப்புச் சான்று எழுதியிருந்தால், அவர்களில் ஒருவருக்கேனும் கிடைத்திருக்குமா?

1977 யூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றது. அதன் தலைவர் அமிர்தலிங்கம் நாட்டின் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 யூலைக் கொடுமையின் புகை அடங்குமுன்னர், ஓகஸ்ட் மாதத்தில், அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டுக் கோரிக்கையை ஆதரிப்பதில்லை என்று ஒவ்வோர் அங்கத்தவரும் சத்தியம் செய்யவேண்டும் என்றது அது. எந்தக் கோரிக்கையை முன்வைத்து மக்களிடம் வாக்குப் பெற்றனரோ அதனையே கைவிடுவதாகச் சத்தியம் செய்யச் சொன்னால், மக்களின் ஆணைக்கு என்ன பொருள்? சத்தியம் செய்யாது சபைக்குச் செல்லாதிருந்த 16 அங்கத்தவரும் தம் ஆசனங்களை இழந்தனர். 1982 ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பினால் அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுள் முன்னரே நீட்டப்பட்டிருந்தமையால், அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரி வரை வரவில்லை. சபையிலே பேச வேண்டிய குரல் வெளியே தள்ளப்பட்டபோது, அந்த வெற்றிடத்தை வெடியோசை நிரப்பியது. அது நாட்டின் பாதுகாப்பைக் கூட்டிற்றா, குறைத்ததா என்பதற்குப் பின்வந்த கால் நூற்றாண்டே சாட்சி.

இக்கதையில் ஒரு வெளிச்சமும் உண்டு. சமஷ்டி கேட்பதும் பிரிவினையே. ஆகவே தமிழரசுக் கட்சி ஆறாம் திருத்தத்தை மீறிய கட்சி எனப் பிரகடனஞ் செய்யவேண்டும் என்று 2014 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு போடப்பட்டது. 2017 ஓகஸ்ட் 4 ஆந் திகதி மன்றம் அதனைத் தள்ளியது. ஒரே நாட்டுக்குள் சமஷ்டி ஆட்சி கோருவது தனிநாடு கோருவதாகாது என்று தீர்த்தது. அன்பர்களே, இதனை நன்கு கவனியுங்கள். அந்தக் குற்றச்சாட்டு திறந்த மன்றத்தில், இரு தரப்பும் பேச, காரணங்கள் எழுதப்பட்டுத் தீர்க்கப்பட்டது. ஆகையால் நியாயம் கிடைத்தது. அதே குற்றச்சாட்டு, மூடிய அறையில் ஒரு புலனாய்வு உத்தியோகத்தரின் குறிப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தால், "சமஷ்டிக்காரர், நம்பத்தகாதவர்" என்ற இரண்டு சொற்களோடு விடயம் முடிந்திருக்கும். சட்டம் பயின்றோர் என்ற முறையில் நாம் அஞ்சுவது இந்த வேறுபாட்டையே.

காணிக்காரரின் வழக்கு

இதனால் எமக்கென்ன என்று பின்வரிசையில் இருக்கும் கமக்காரர் ஒருவர் கேட்கக்கூடும். வலிகாமம் வடக்குச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் வைத்தவர்கள் 1990 இல் அதனை விட்டு வெளியேறினார்கள். அம்மண் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. யுத்தம் 2009 இல் முடிந்தது. 2013 ஏப்ரிலில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் அறிவித்தல் மரங்களிலும் கம்பங்களிலும் ஒட்டப்பட்டது. பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடப்பட்டன. ஆனால் இத்தனை ஏக்கர் ஏன் வேண்டும், எந்தத் தேவைக்கு, எத்தனை காலத்துக்கு என்று மக்கள் பிரதிநிதி கேட்டால் வரும் விடை "தேசிய பாதுகாப்பு" என்ற இரண்டு சொற்களே.

இரகசியம் என்ற சொல்லுக்குள் எதனை வைக்கலாம், எதனை வைக்கலாகாது என்பதே இங்கு வழக்கு. படைவீரர் எந்நேரம் எவ்வழியாற் போவர் என்பது இரகசியமாயிருக்கட்டும். ஒற்றரின் பெயர் இரகசியமாயிருக்கட்டும். உறுதிக்காரரின் கிணறும் தோட்டமும் எவருடைய வேலிக்குள் இருக்கின்றன என்பதில் என்ன இரகசியம்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பாதுகாப்புக்குப் பங்கம் வரும் தகவலை மறுக்க இடமளிக்கின்றது. ஆனால் பொதுநலம் மேலோங்கி நிற்கும்போது வெளியிடவேண்டுமென்றும் அதே சட்டம் சொல்லுகின்றது. காணிக் கணக்குக் கேட்க எந்த அங்கத்தவருக்கும் எந்தச் சான்றும் வேண்டியதில்லை. அது குடிமகன் ஒவ்வொருவருக்கும் உரியது.

ஐயமும் விடையும்

மறுதரப்பின் நியாயத்தையும் நாம் மறைக்கலாகாது. தெரிவு செய்யப்பட்டவர் யாவரும் தெய்வங்களல்லர். கடனில் மூழ்கியவர் விலைபோவார். அந்நிய நாட்டின் தயவில் வாழ்பவர் அதற்குச் சேவகம் செய்வார். வாக்குப் பெட்டி பாவங்களைக் கழுவும் தீர்த்தமன்று. இவற்றை ஒப்புக்கொள்ளாது பேசினால் எம்மை மக்கள் நம்பமாட்டார்.

ஆனால் சோதனை எத்தகையது என்பதே வினா. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அரசன் தன் கீழ் வேலை செய்வோரை ஆராய்ந்து தெளியவேண்டிய முறை அது. குடியாட்சியில் அரசன் மக்கள். மக்கள் பிரதிநிதியை ஆராயவேண்டும். பிரதிநிதி உத்தியோகத்தரை ஆராயவேண்டும். இன்று கேட்கப்படுவதோ உத்தியோகத்தர் பிரதிநிதியை ஆராயும் முறை.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்தோர் அறிவர். பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குடவோலைக்குப் பெயர் எழுதத்தக்கவர் யார் என்பதைக் கோயிற் சுவரிலே வெட்டிவைத்தனர். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஆகாதவர். அந்தச் சபை நிலமுடைய அந்தணருக்கே உரியதாயிருந்தது. அதனை நாம் இன்று மாதிரியாகக் கொள்ளமாட்டோம். ஆயினும் விதி சுவரில் இருந்தது; எவரும் படிக்கக்கூடியதாயிருந்தது; கேட்ட கேள்வி "கணக்குக் காட்டினாயா" என்பது.

அக்கேள்வியை எமது நாடு மிகத் தாமதித்தே கேட்கத் தொடங்கிற்று. 1975 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டப்படி அங்கத்தவர்கள் சொத்து விபரம் கொடுத்தனர். அது இரும்புப் பெட்டிக்குள் உறங்கியது. விபரம் கொடுத்தோரின் பெயர்ப் பட்டியலைப் பெறுவதற்கே தகவல் ஆணைக்குழுவுக்கும் பின்னர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகவேண்டியிருந்தது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமே அவ்விபரங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வழி செய்தது. ஒருவர் விலைபோவாரா என்பதை அறியப் புலனாய்வுக் குறிப்பைவிட இது நல்ல கண்ணாடி. கடன் எவ்வளவு, காணி எவ்வளவு, வெளிநாட்டில் என்ன இருக்கின்றது என்பதை அயலவரே பார்த்துப் பொய்யைப் பிடிப்பர்.

விதி ஆளுக்கு ஆள் மாறலாகாது என்பதும் முக்கியம். இரட்டைக் குடியுரிமை உடையவர் பாராளுமன்றத்தில் இருக்கலாகாது என்று 2015 இல் 19 ஆம் திருத்தம் விதித்தது. அதன்படி 2017 இல் ஓர் அங்கத்தவர் ஆசனம் இழந்தார். 2020 இல் 20 ஆம் திருத்தம் தடையை நீக்கிற்று. இரட்டைக் குடியுரிமையுடைய ஆளுங் குடும்பத்தவர் ஒருவர் 2021 இல் நிதி மந்திரியானார். 2022 இல் 21 ஆம் திருத்தம் தடையை மீண்டும் கொண்டுவந்தது. அத்தடை நல்லதா தீயதா என்பது வேறு விவாதம். ஏழாண்டுக்குள் மும்முறை புரண்ட விதியை மக்கள் பாதுகாப்புக்கான விதி என்று எங்ஙனம் நம்புவர்?

நாம் கேட்பது

ஆகவே நாம் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம்.

முதலாவது, தேசிய பாதுகாப்புச் சபையில் எப்பதவியில் இருப்போர் அமரவேண்டும், உயிராபத்தான எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் எவருக்கு அறிவிக்கவேண்டும் என்பதைப் பாராளுமன்றச் சட்டம் எழுத்திற் கூறவேண்டும். எவரையும் கோபத்தால் விலக்க இயலாதிருக்கவேண்டும்.

இரண்டாவது, புலனாய்வுத் துறைகளை மேற்பார்வை செய்யச் சட்டத்தால் அமைந்த சிறிய பாராளுமன்றக் குழு வேண்டும். அதில் எதிர்க்கட்சிக்கும் தமிழ், முஸ்லிம், மலையக மக்களின் பிரதிநிதிகளுக்கும் உறுதியான இடம் வேண்டும். அவர்களைச் சபை தெரியவேண்டும். அவர்கள் இரகசியக் காப்புச் சத்தியம் செய்யவேண்டும். அச்சத்தியத்தை மீறுபவர் சிறப்புரிமைக்குப் பின்னால் ஒளியலாகாது. இது எமது பிரதிநிதிகளுக்கும் பாரமானதே; அதனை அறிந்தே கேட்கின்றோம்.

மூன்றாவது, பின்னணி விசாரணை உத்தியோகத்தருக்கும், அங்கத்தவரின் செயலாளருக்கும் உதவியாளருக்கும் இருக்கட்டும். சான்று மறுக்கப்பட்டால் காரணம் எழுத்திற் கொடுக்கவேண்டும், மேன்முறையீடும் இருக்கவேண்டும்.

நான்காவது, தெரிவு செய்யப்பட்டவர் ஒருவர்மீது மெய்யான சந்தேகம் எழுந்தால், சட்டத்தின் முன் குற்றஞ் சுமத்தி நிரூபிக்கட்டும். நிரூபித்தால் ஆசனம் போகட்டும். காதோடு காதாகப் பேசும் குற்றச்சாட்டு எவரின் ஆசனத்தையும் வெறுமையாக்கலாகாது.

இவ்வளவும் பிறரிடம் கேட்கின்ற நாம், எம்மிடமும் ஒன்று கேட்கவேண்டும். எமது அங்கத்தவரின் சொத்து விபரத்தை எம்மில் எத்தனை பேர் எடுத்துப் பார்த்தோம்? கற்றவர்களே, நீங்கள் அதனைப் படித்துக் கமக்காரருக்கு விளங்கச் சொல்லுங்கள். கணக்காளர் கணக்கைப் பாருங்கள். சட்டத்தரணிகள் சட்டத்தைச் சொல்லுங்கள். கமக்காரப் பெருமக்களே, வாக்குக் கேட்டு உங்கள் படலைக்கு வருபவரிடம் வாய்க்காலையும் வீதியையும் மாத்திரம் கேளாதீர்கள். "சபையிலே எமது உயிரைத் தொடும் செய்தி பேசப்படும்போது நீர் உள்ளே இருப்பீரா, வெளியே நிற்பீரா? உள்ளே இருந்தால் வாயைக் காப்பீரா? வெளியே நிறுத்தினால் எம்மிடம் வந்து சொல்வீரா?" என்று கேளுங்கள்.

வட்டை விதானையைத் தெரிந்தெடுத்துவிட்டு, குளக்கட்டுக்குப் போகும் பாதையில் அவரைத் தனியே விட்டுவிட்டு வீடு திரும்பும் வழக்கம் எமக்கு நெடுநாள் இருந்துவிட்டது. தண்ணீரின் கணக்கு வெளியே வரும்வரை நாமும் குளக்கட்டில் நிற்போம்.